வீரனுக்குக் கல்லறை உண்டு, தெய்வத்துக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் கிரேக்கப் புராணக் கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தி, அக்கிலீஸ், ஹெக்டர், ஒடிசியஸ், ஹெராக்ளிஸ் நால்வரையும் ‘பாதி தெய்வப் பிறவிகள், சாகாவரம் பெற்றவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நால்வரில் ஒருவருக்குத்தான் அது ஓரளவாவது பொருந்தும்.

ஹெக்டர், ட்ராய் மன்னன் பிரியாமுக்கும் ஹெக்குபாவுக்கும் பிறந்தவன். ஒடிசியஸின் தகப்பன் லயர்ட்டிஸ், தாய் ஆன்டிக்லியா. எல்லோருமே மனிதர்கள். வம்சத்தில் எங்கோ ஒரு தெய்வம் இருப்பதாகச் சொல்லிக்கொள்வது அங்கே அரச குடும்பங்களுக்கு வழக்கமான பெருமை; அதை வைத்துச் சாகாவரம் கொடுத்துவிட முடியாது.

அக்கிலீஸின் தாய் தீட்டிஸ் கடல் தேவதை, தகப்பன் பீலியூஸ் மனிதன். இங்கே பாதிக்குப் பாதி என்று கணக்குப் போடுவதில்தான் பிழை. பெற்றோரில் ஒருவர் மனிதர் என்றால் பிள்ளை சாகப் பிறந்தது என்பதே பொது விதி. (செமெலி என்ற மானிடப் பெண் பெற்ற டயோனிசஸ் முழுத் தெய்வமானது விதிவிலக்கு.) ட்ராய் போரைப் பாடிய கவிஞர் ஹோமர் இதை ரத்தத்தை வைத்தே காட்டுகிறார். அவருடைய இலியட் காவியத்தின் 5ஆம் காண்டத்தில் காதல் தெய்வம் அஃப்ரடைட்டியின் கையில் ஈட்டி பட்டபோது வழிவது ரத்தமல்ல, ‘இகோர்’ என்னும் திரவம். தெய்வங்கள் ரொட்டி உண்பதில்லை, மது அருந்துவதில்லை, ஆகவே அவர்களுக்கு ரத்தமில்லை என்று காரணமும் சொல்கிறார். 21ஆம் காண்டத்தில் ட்ராய் தரப்பு வீரன் அஸ்டெரொபையஸ் இரு கைகளாலும் இரண்டு ஈட்டிகளை ஒரே நேரத்தில் வீசுகிறான். ஒன்று அக்கிலீஸின் வலது முன்கையைக் கீறுகிறது. கருஞ்சிவப்பாக ரத்தம் பீறிடுகிறது. ‘குதிகால் தவிர எங்கும் காயம்படாத உடல்’ என்பது இலியடில் இல்லவே இல்லை. தாய் அவனைக் குழந்தையில் பாதாள ஆறான ஸ்டிக்ஸில் முக்கியெடுத்த அந்தக் கதை, நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில், கி.பி. முதல் நூற்றாண்டு லத்தீன் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் முதலில் தென்படுகிறது.

தெய்வங்களின் அரசன் ஜீயஸின் சொந்த மகன் சார்பிடானுக்கே சாவிலிருந்து விலக்கு கிடைக்கவில்லை. காப்பாற்றிவிடலாமா என்று ஜீயஸ் தயங்கும்போது, ‘நீ உன் பிள்ளையைக் காப்பாற்றினால் மற்றவர்களும் அவரவர் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்புவார்கள்’ என்று மனைவி ஹீரா தடுக்கிறாள். ஜீயஸால் ரத்தத் துளிகளை மழையாகச் சிந்த மட்டுமே முடிகிறது. மகன் இறந்ததும், உறக்கம், மரணம் என்னும் இரு தெய்வங்கள் உடலை அவன் நாடான லிசியாவுக்குத் தூக்கிச் செல்கின்றன. அங்கே மேடு எழுப்பிக் கல் நடுகிறார்கள். நம் ஊர் நடுகல்லை நினைத்துக்கொண்டால் இந்த இடம் சட்டென்று புரியும். கட்டுரையாளர் இந்த வீரர்களை ‘அவதாரம்’ என்கிறார்; அது இதற்கு நேர் எதிர்: அவதாரத்தில் தெய்வம் இறங்கி வருகிறது, கிரேக்க வீரனோ செத்த பிறகுதான் வணக்கத்துக்குரியவன் ஆகிறான்.

‘ஹீரோஸ்’ என்ற சொல் ஹோமரிடம் ஒரு மரியாதைச் சொல்தான். பாடகன் டெமொடோக்கஸுக்கும் அது கிடைக்கிறது. பின்னால் வழிபாட்டில் அதற்குத் திட்டமான பொருள் வந்தது: கல்லறையில் படையல் பெறும் இறந்த மனிதன். அவன் சக்தி எலும்பு கிடக்கும் ஊருக்குச் சொந்தம். டெஜியா என்ற நகரிடம் தோற்றுக்கொண்டே இருந்த ஸ்பார்ட்டாவிடம், பழங்கால வீரன் ஒரெஸ்டிஸின் எலும்புகளைக் கொண்டுவரும்படி டெல்ஃபி குறிக்கோயில் குறி சொன்னது. ஒரு கொல்லன் கிணறு தோண்டும்போது அகப்பட்ட 7 முழப் பெட்டியை அவர்கள் தேடிக் கண்டுபிடித்ததை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

நல்லவனாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. அஸ்டிபலையா தீவின் குத்துச்சண்டைக்காரன் கிளியோமெடிஸ், ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்று பரிசை இழந்தான். புத்தி பேதலித்து ஊர் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தின் தூணைச் சாய்த்தான். கூரை விழுந்து 60 பிள்ளைகள் வரை இறந்தார்கள். கல்லடிக்குப் பயந்து அத்தீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் புகுந்தவனை, பலகையை உடைத்துப் பார்த்தால் காணோம். அவனை இனி மனிதனாக எண்ணாமல் பலியிட்டு வணங்கச் சொன்னது டெல்ஃபி.

வழிபாட்டில் என்ன வேறுபாடு என்றால், தெய்வத்துக்கு உயர்ந்த பலிபீடம்: தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி எரித்துவிட்டு இறைச்சியைப் பந்தியில் பகிர்வார்கள். இதற்குப் பெயர் ‘தூயெய்ன்’. வீரனுக்குக் குழியில் ரத்தம் ஊற்றுவதும் விலங்கை முழுதாக எரிப்பதும் ‘எனகிட்ஸெய்ன்’. ஆனால் பழைய ஆய்வுக் கையேடுகள் போட்ட இந்த இருவகைப் பிரிவினையைக் கல்வெட்டுகள் அழித்துவிட்டன. பெரும்பாலான வீரர் பலிகளிலும் இறைச்சி உண்ணப்பட்டிருக்கிறது. ஏதென்ஸைச் சுற்றிய அட்டிக்கா பகுதியின் எர்கியா ஊர்ப் பலி அட்டவணையில், ஜீயஸுக்கே ஒரு பன்றிக்குட்டி முழுதாக எரிக்கப்படுகிறது. கறாரான விதி வேண்டுமென்றால் ஒலிம்பியாவில் வணங்கப்பட்ட வீரன் பெலொப்ஸைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஒரு கறுப்பு ஆட்டுக்கடா. குறி பார்ப்பவருக்குப் பங்கு கிடையாது, விறகு கொடுப்பவருக்குக் கழுத்து மட்டும். அந்த இறைச்சியைத் தின்றவர் ஜீயஸ் கோயிலுக்குள் நுழையக்கூடாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பவுசானியாஸ் பதிவு செய்தது இது.

நால்வரில் ஜீயஸின் மகன் ஹெராக்ளிஸ்தான் சிக்கலானவர். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 11ஆம் காண்டத்தில் அவருடைய நிழல் பாதாளத்தில் வில்லோடு திரிகிறது, அவரோ ஹீபி என்ற தேவதையை மணந்து தெய்வங்களோடு விருந்தில் இருக்கிறார். அந்த வரிகள் இடைச்செருகல் என்று பழைய உரைகாரர்களே ஐயப்பட்டார்கள். கவிஞர் பிண்டார் ‘வீரத் தெய்வம்’ என்று இரண்டு சொல்லையும் ஒட்டிவிட்டார். சிக்கியோன் ஊரார் சாமர்த்தியசாலிகள்: ஒரு செம்மறிக்குட்டியை அறுத்துத் தொடைகளைப் பீடத்தில் எரித்தபின், இறைச்சியில் ஒரு பகுதியைத் தெய்வத்துக்கு இட்டதுபோல் உண்டார்கள், மறு பகுதியை வீரனுக்குரிய படையலாக வைத்தார்கள்.

இறந்த வீரன் தெய்வமா என்ற இந்தக் கேள்வி ஒருமுறை வரி வழக்காகவே வந்தது. தீப்ஸ் நகரப் போரில் தேரோடு பூமி விழுங்கிய வீரன் ஆம்ஃபியராஸுக்கு ஓரோபோஸ் என்ற ஊரில் கோயில் இருந்தது. நோயாளிகள் ஆட்டுக்கடாவைப் பலியிட்டு அதன் தோலில் படுத்துக் கனவுக்குக் காத்திருப்பார்கள். கோயிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1,000 அடி நிலத்தை ரோமானியத் தளபதி சுல்லா அதற்கு எழுதிவைத்திருந்தார். வரிக் குத்தகைதாரர்கள் விடவில்லை: சாகாத தெய்வங்களின் நிலத்துக்குத்தான் விலக்கு, ஒருகாலத்தில் மனிதனாக இருந்தவன் சாகாத தெய்வமல்ல என்று வாதிட்டார்கள். கி.மு. 73இல் வழக்கைக் கேட்ட ஆலோசனைக் குழுவில் ரோமானியப் பேச்சாளர் சிசரோவும் இருந்தார். தீர்ப்பு ஓரோபோஸில் கல்லில் வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது: ஆம்ஃபியராஸ் தெய்வம், நிலத்துக்கு வரியில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.