அடுத்த ஸ்டேஷன்ல ஆள் ஏறட்டும், அப்புறம் ஐஎஸ்எஸ்ஸை இறக்குங்க

நாசா, ரஷ்யாவோட ரோஸ்காஸ்மாஸ், அப்புறம் ஐரோப்பா, ஜப்பான், கனடா விண்வெளி அமைப்புகளை நடத்துறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கைதாங்க. 2030 வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் பசிபிக் கடல்ல இறக்கிடலாம்னு பூமியைச் சுத்துற சர்வதேச விண்வெளி ஸ்டேஷன் ஐஎஸ்எஸ்ஸுக்கு நாள் குறிச்சு வச்சிருக்கீங்க. அந்த நாளை எடுத்துட்டு ஒரு நிபந்தனை வைங்க. அடுத்த ஸ்டேஷன் மேல போய், ஆள் ஏறி, ஆராய்ச்சி நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் இதை இறக்கணும்.

இடைவெளி விழுந்தா என்ன ஆகும்னு ஏற்கனவே பாத்தாச்சு. அமெரிக்காவோட முதல் விண்வெளி ஸ்டேஷன் ஸ்கைலேப் 1974க்கு அப்புறம் காலியாவே சுத்திட்டு இருந்துச்சு, ஆளோட போய் திரும்பி வர்ற ஷட்டில் விண்கலம் வந்து மேல தள்ளி விட்டுடும்னு நம்பினாங்க, ஷட்டில் ரெடியாகல, சூரியனோட சீற்றம் வேற கூடி மேல் காத்து மண்டலம் உப்பி ஸ்கைலேப்பை கீழ இழுக்க, 1979 ஜூலையில ஆஸ்திரேலியா மேல துண்டு துண்டா விழுந்துச்சு. முதல் ஷட்டில் கிளம்பினது 1981 ஏப்ரல்ல! 2011ல ஷட்டிலை நிறுத்தின பிறகும் 2020ல ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட டிராகன் கப்பல் ஆளோட போற வரைக்கும் அமெரிக்கா ரஷ்யாவோட சோயூஸ் கப்பல்ல சீட் வாங்கித்தான் ஆள் அனுப்புச்சு. அப்போ போய் இறங்க ஸ்டேஷனாவது இருந்துச்சு. இப்போ தனியார் ஸ்டேஷன் திட்டம் நாலஞ்சு இருக்கு, ஆனா ஆள் தங்கி வேலை செய்ற நிலைமையில ஒண்ணு கூட இல்ல. எங்க இந்தியா ஸ்டேஷனுக்கும் 2035னு தான் சொல்லியிருக்காங்க.

பழசாயிடுச்சுன்னு சொல்றீங்க, உண்மைதான். ஸ்வெஸ்டாங்கிற ரஷ்யப் பகுதியில கப்பல் வந்து சேர்ற சின்ன சுரங்கப்பாதையில விரிசல் விட்டு வருஷக்கணக்கா காத்து கசிஞ்சுது. 2020ல அந்த இடத்தை கண்டுபிடிக்க ஒரு டீ பேக்கை பிரிச்சு தேயிலைத் தூளை மிதக்க விட்டு, கதவை சாத்திட்டு கேமராவுல பாத்தாங்க, தூள் விரிசலைத் தேடிப் போய் நின்னுச்சு. உள்ள மனுஷங்க இருக்காங்க, அதனால இதை நான் லேசா எடுத்துக்கல. வருஷா வருஷம் வெளி ஆளுங்களை வச்சு செக் பண்ணி ரிப்போர்ட்டை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிடுங்க, இனி தாங்காதுன்னு அவங்க சொன்னா உடனே ஆளுங்களை இறக்குங்க. ஸ்டேஷனை இறக்குறதுக்குன்னு தனியா செய்ற கப்பலை இப்பவே முடிச்சு வைங்க, அதுல தள்ளிப்போடவே கூடாது.

ஆனா பழசுன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் துகள்களை ஆராய 2011ல வெளிய மாட்டின ஏஎம்எஸ் கருவியோட கூலிங் பம்ப் ஒவ்வொண்ணா படுத்தப்போ, விண்வெளியில ரிப்பேர் பண்ற மாதிரி அதை டிசைனே பண்ணலன்னு தெரிஞ்சும், விண்வெளி வீரர்கள் லூக்கா பர்மிட்டானோவும் ஆண்ட்ரூ மார்கனும் 2019 கடைசியில ஆரம்பிச்சு நாலு தடவை வெளிய போய், மெல்லிசான குழாய்களை அறுத்து புது பம்ப் வச்சு இணைச்சாங்க, திரும்ப ஓடுச்சு. ஸ்டேஷனை இறக்கினா அந்த கருவியும் அதோட போயிடும், கழட்டி வேற இடத்துல மாட்டுறதெல்லாம் நடக்காது. 2025ல நம்ம சுபான்ஷு சுக்லா போய் வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்க வச்சாரே, அந்த மாதிரி சோதனைகளோட அடுத்த கட்டத்தை எங்க போய் செய்றது?

வருஷத்துக்கு சுமார் 300 கோடி டாலர் நாசாவுக்கு மட்டும் செலவு, அந்த பணம்தான் அடுத்த ஸ்டேஷனுக்கு வேணும்ங்கிறதும் புரியுது. அதுக்காக இருக்கிறதை முதல்ல மூடினா, புதுசு லேட்டாகுற ஒவ்வொரு வருஷமும் ஆராய்ச்சி நின்னு போய் கை தேர்ந்த ஆளுங்க வேற வேலைக்கு போயிடுவாங்க, அவங்களை திரும்ப சேக்குறதுக்கும் செலவுதான்.

இன்னொன்னு, ரஷ்யா 2028 வரைக்கும்தான் ஒத்துக்கிட்டிருக்கு, மத்தவங்க 2030னு சொல்றீங்க. ஸ்டேஷனை உயரத்துல நிறுத்துற வேலையில பெரும்பங்கு ரஷ்யாவோட கப்பலும் எஞ்சினும்தான் பாக்குது. அந்த ரெண்டு வருஷ கணக்கை முதல்ல உக்காந்து பேசி முடிங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.