இருபது சக்கர நாற்காலிகளுக்கு இடம் கொடுங்கள்

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூவல் செல் ஆராய்ச்சியில் இருக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம். ஹைட்ரஜனில் ஓடும் சக்கர நாற்காலி கேட்டு இதை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மாலை ரயில்வே மேம்பாலம் ஏறும்போது என் பேட்டரி சக்கர நாற்காலி பாதியில் நின்றுவிட்டது. கிளம்பும்போது விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. மேடு ஏற ஏற மஞ்சள், சிவப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. சார்ஜ் தீர்ந்தால் மோட்டாரின் பிரேக் தானே பூட்டிக்கொள்ளும். சரிவில் பின்னால் உருளாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் பூட்டிய பிறகு யாரும் தள்ள முடியாது. பிரேக்கை விடுவிக்கும் கைப்பிடி கீழே, பின்சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. என் கை அங்கே எட்டாது. உதவிக்கு வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கடைசியில் ஐந்து பேர் சேர்ந்து, பீரோவைத் தூக்குவதுபோல் என்னையும் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் இருக்கைக்கு அடியில் இருப்பவை இரண்டு ஈய அமில பேட்டரிகள். எடை இருபது கிலோவுக்கு மேல். இந்த வகை பேட்டரி பிரான்சில் 1859இல் உருவானது. இரவு முழுக்க சார்ஜ் போட்டால்தான் மறுநாள் வெளியே போகலாம். கரண்ட் போன இரவுக்கு மறுநாள் எனக்கு வீடுதான். லித்தியம் போடுங்களேன் என்கிறார்கள். எடை குறையும், உண்மைதான். ஆனால் பாதி வழியில் தீர்ந்துபோனால் அதற்கும் பிளக் தேடி மணிக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஃபியூவல் செல் எப்படி இயங்குகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதை என் நாற்காலியில் பொருத்தினால் என்ன? ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். என் இரண்டு பேட்டரியும் சேர்ந்து தருவது ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் பாதி கைக்குக் கிடைத்தாலே எனக்கு 50 கிராம் போதும். ஒரு ஹைட்ரஜன் பேருந்துக்கு நிரப்பும் 30 கிலோவில் அறுநூறு நாற்காலிகளுக்கு நிரப்பலாம். மேடு ஏற உதவியாக ஒரு சின்ன பேட்டரி, ஹைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் உறிஞ்சி வைக்கும் உலோகப் பொடிக் குப்பி ஒன்று. தீர்ந்தால் கேஸ் சிலிண்டர் மாற்றுவதுபோல் மாற்றிக்கொள்ளலாம். தைவானில் இப்படிக் குப்பி மாற்றும் ஸ்கூட்டர்களைச் சாலையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். சுசுகியின் ஃபியூவல் செல் ஸ்கூட்டருக்கு ஐரோப்பா 2011லேயே வாகன அனுமதி கொடுத்துவிட்டது. நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, சென்னையில் ஃபியூவல் செல்லுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு மையம் இருக்கிறது.

இயக்கத்துக்கு 2023இல் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினீர்கள். 2025 மார்ச்சில் 37 ஹைட்ரஜன் வாகனங்களுக்குச் சோதனை ஓட்ட அனுமதி தந்தீர்கள். எல்லாம் பேருந்தும் லாரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்லபடியாக ஓடட்டும். ஆனால் மாற்றுத்திறனாளிகளின் தனிப்பட்ட நடமாட்டத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு அரசுக்குச் சொல்கிறதே, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தீர்களா? சாய்தளம் 12 அடிக்கு ஓர் அடிதான் உயரலாம் என்பது விதி. நான் பென்ஷன் வாங்கப் போகும் இடத்தில் சறுக்குமரம்போல ஒன்றைக் கட்டி, அதன் வாயிலேயே பைக்கை நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு மாதமும் அதில் ஏறியே என் பேட்டரியின் உயிர் பாதி போய்விட்டது. யாரிடம் சொல்ல?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது இதுதான். அடுத்த சோதனை ஓட்டத்தில் இருபது சக்கர நாற்காலிகளையும் சேருங்கள். ஏதாவது ஓர் ஊர், குப்பி மாற்ற இரண்டு கடை, ஒரு வருடம். வெயிலிலும் மழையிலும் மேட்டிலும் நாங்கள் ஓட்டிப் பார்த்து, நின்றுபோன இடத்தையெல்லாம் தேதி போட்டு எழுதித் தருகிறோம். ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே பதினொரு பேர் இருக்கிறார்கள்.

தயவுசெய்து இருபது நாற்காலிகளைச் சேருங்கள். பிரேக்கை விடுவிக்கும் கைப்பிடியை மட்டும், உட்கார்ந்திருப்பவருக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
மேம்பாலத்தில் நின்றுபோன ஒரு சக்கர நாற்காலிப் பயணி