மலைக்கொரு வேரியபிள் வேண்டாம் மச்சான்

மச்சான்,

உன் மெசேஜ் வந்து நாலு நாளாகிவிட்டது, கோபிக்காதே. ஹட்டனில் மழை விட்டபாடில்லை, கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். சிவனொளிபாதமலை சீசன் வெசாக்கோடு முடிந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டும் வெறிச்சோடிக் கிடக்கிறது. அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும்தான். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

சரி, லிஸ்டில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் பைதான் புரோகிராமில் தானாகவே ஒரு வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) உருவாக்கலாமா என்று கேட்டிருந்தாய். உருவாக்கலாம், ஆனால் வேண்டாம். போன மாதம் நானே அதில் விழுந்து எழும்பினேன்.

தெரிந்த தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் கொழுந்து எடை போட்ட கணக்கை ஷீட்டாகக் கொடுத்து, மலை (தோட்டத்தின் ஒரு பகுதி) வாரியாகக் கூட்டித் தரச் சொன்னார். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி மலைப் பெயர்களை லிஸ்டில் போட்டு, லூப் சுற்றி, எழுத்தாகக் கொடுத்ததைக் கோடாகவே ஓட்டும் எக்ஸெக்கால் பெயருக்கொரு வேரியபிள் உருவாக்கப் பார்த்தேன். கோயில்மலை, பங்களாமலை இரண்டும் நன்றாக வந்தன, பைதான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். அடுத்தது "7ஆம் மலை". எண்ணில் தொடங்குகிறது, நடுவில் இடைவெளி வேறு. சின்டாக்ஸ் எரர்!

விடுவேனா, புரோகிராமின் பொதுப் பெயர்களெல்லாம் இருக்கும் குளோபல்ஸ்-க்கு மாறினேன். அது சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது. ஆனால் அந்தப் பெயரை கோடில் நேராக எழுத முடியாதே, மறுபடி குளோபல்ஸ்-ஐக் கூப்பிட்டு அடைப்புக்குறிக்குள் பெயரைக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். குளோபல்ஸ் தருவதும் ஒரு டிக்ஷனரிதான் (பெயருக்கு நேரே மதிப்பை வைக்கும் அட்டவணை) என்பது அப்போதுதான் உறைத்தது, பைதான் தன் சாமான்களை வைத்திருக்கும் பெட்டியில் நான் கொழுந்தைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைவிடக் கூத்து, ஷீட்டின் கடைசி வரியில் "மொத்தம்" என்று இருந்தது. என் கோடிலும் மொத்தம் என்று ஒரு வேரியபிள் ஏற்கெனவே இருந்தது, லூப் போய் அதைப் பூச்சியமாக்கிவிட்டது. எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பாதி ராத்திரி போனது. ஃபங்ஷனுக்குள் எக்ஸெக் போட்டால் இன்னும் மோசம், உருவாக்கிய பெயரையே அந்த ஃபங்ஷன் தெரியாது என்று சொல்லும்.

கடைசியில் தனியாக ஒரு டிக்ஷனரி:

நிறை = {}
நிறை["7ஆம் மலை"] = 0

அவ்வளவுதான். தோட்டத்து செக்ரோலை, அதுதான் ஆட்களின் வேலைப் பதிவேட்டை, நினைத்துப் பார், ஆளுக்கொரு புத்தகமா திறக்கிறார்கள்? ஒரே புத்தகம், பெயருக்கு நேரே கிலோ. பைதான் 3.7இலிருந்து டிக்ஷனரி போட்ட வரிசையைக் குலைக்காது, அதனால் ஷீட்டில் இருந்த வரிசையிலேயே மலைகள் வந்தன, அவருக்கும் சந்தோஷம்.

இல்லாத பெயருக்குத் தானாகவே பூச்சியம் தரும் டிஃபால்ட்டிக்டும் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. யாராவது "கோயில் மலை" என்று பிரித்து எழுதினால் அது இன்னொரு மலையாகிவிடும், சாதாரண டிக்ஷனரி என்றால் கூட்டும்போது அப்படியொரு பெயர் இல்லை என்று கீ எரர் கொடுத்து நின்றுவிடும். நிற்பதே நல்லது.

உன் லிஸ்டை அனுப்பு, பார்க்கிறேன். தீபாவளிக்கு வருவாய்தானே? பழைய லேப்டாப் சார்ஜர் இருந்தால் கொண்டு வா, என்னுடையது போன வார இடியோடு போய்விட்டது.