அரிசி கொட்டிவைத்த ஐஸ் பெட்டி

காசிமேடு,
ஜூன் 10

அன்புள்ள பாப்பா,

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள். 14-ஆம் தேதி நள்ளிரவு வரை விசைப்படகுகள் கரையில்தான். அப்பா கிழிந்த வலையைச் சீர் செய்துகொண்டிருக்கிறார். எனக்கும் விடியற்காலை ஏலத்துக்கு ஓடுகிற அவசரம் இல்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிற கிசுமுவுக்கு உதவி செய்யப் போய் மூன்று வாரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை, தினமும் ஏரிக்கரைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதுதான் வேலை என்று அலுத்துக்கொண்டாய். உங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர், ஓமேனா என்கிற அந்த ஏரியின் பொடிமீனைக் காயவைக்க மரச்சட்டம் அடித்து வலை கட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். உங்களை மேற்பார்க்கிற உள்ளூர் அம்மா பொறுங்கள் என்கிறார். பத்து வாரம் முடிந்து பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை கொடுக்கும்போது காட்ட ஒன்றும் இருக்காதே என்று உனக்குப் பயம். நான் அந்த அம்மா பக்கம்தான்.

நம் வீட்டு நீல ஐஸ் பெட்டி எப்படி வந்தது தெரியுமா? சுனாமிக்கு அப்புறம் தார் ஷீட் கொட்டகையில் இருந்தோம். நீ கைக்குழந்தை. வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல பிள்ளைகள், வெயிலில் அலைந்தார்கள், உன்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள். மீன் விற்கிற பெண்களுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். மீனும் ஐஸும் போட்டால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நானோ அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாகப் போகிறவள். "எதில் போவீர்கள், யார் தூக்கிவிடுவார்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தால் சின்னதாக வாங்கியிருப்பார்கள். இத்தனை வருடமாக அதில் அரிசிதான் கிடக்கிறது. அவர்கள் மேல் கோபம் இல்லை. யாரோ மனசாரக் கொடுத்த பணம் இப்படிப் போனதே என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கும்.

2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது உதவிக்கு வந்த பிள்ளைகளில் சிலர், எந்தக் காற்றுக்கு எது எங்கே ஒதுங்கும் என்று முதலில் நம் ஆட்களைத்தான் கேட்டார்கள். அதன் பிறகுதான் வாளியைத் தூக்கினார்கள். அந்த முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

1993-ல் அமெரிக்கப் பேராசிரியர்கள் இரண்டு பேர் எழுதியதைப் படித்துச் சொன்னாயே, ஒரு ஊரில் என்ன இல்லை என்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று. அதையே செய். ஏரிக்கரைப் பெண்கள் ஓமேனாவைத் தரையில் பழைய வலையை விரித்துக் காயவைக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும். மழை இருட்டினால் நாலு மூலையையும் பிடித்துச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாம். சட்டத்தில் பரப்பியதை அப்படி அள்ள முடியுமா? மேலே காய்ந்தால் மணல் ஒட்டாது, நல்ல விலை போகும், அது உண்மை. நெத்திலி காயவைத்தவள் எனக்குத் தெரியாதா? ஆனால் சட்டம் யார் இடத்தில் நிற்கும்? ராத்திரி யார் காவல்? மரம் உளுத்தால் யார் மாற்றுவது? கரையைப் பார்த்துக்கொள்ள மீனவர்களே சேர்ந்த அமைப்பு இருக்கிறது என்றாய், அதில் இந்தப் பெண்கள் பேசினால் எடுபடுகிறதா?

அந்த இரண்டு பேரோடு மல்லுக்கு நிற்காதே. ஒரே ஒரு சட்டம் அடிக்கட்டும். கரையிலிருக்கிற ஒரு பெண் நாலு வாரம் அதில் காயவைத்துப் பார்த்துக் குறை சொல்லட்டும். அவர் சொல்கிற குறையை அப்படியே எழுதிக் கொடு, அறிக்கைக்கு அது போதும்.

தங்கியிருக்கும் வீட்டில் கொடுக்கிற உகாலியை ஒதுக்காமல் சாப்பிடு, நம் களி மாதிரிதானே. நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால், அதனால் உன் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கூப்பிடு, நான் தூங்கிவிடுவேன்.

அப்புறம், ஓமேனாவைக் கூறு போட்டு விற்கிறார்களா, டப்பாவில் அளந்தா? மழையில் கெட்டுப்போனதை என்ன செய்கிறார்கள்? கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா