வேலையின்மை எண்களும் தலைப்புச் செய்திகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வேலையிழந்தோர் உதவித்தொகை கோரிப் புதிதாக அளிக்கும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையை அந்நாட்டுத் தொழிலாளர் துறை வழக்கமாக வியாழக்கிழமைதோறும் வெளியிடுகிறது. அது நம் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் 'குறைந்தது' அல்லது 'கூடியது' என்று ஒற்றை வரியாக வருகிறது. அன்றைய தங்கம் விலைக்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

அந்த எண் பருவகால மாற்றங்களுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட முதற்கட்டக் கணக்கு மட்டுமே. அடுத்த வாரமே அது திருத்தப்படும். சென்ற வாரம் 2,20,000 என்று அச்சான எண் இப்போது 2,23,000 எனத் திருத்தப்பட்டு, இவ்வார எண் 2,22,000 என வந்ததாக வைத்துக்கொள்வோம். செய்தி 'ஆயிரம் குறைந்தது' என்று சொல்லும். பழைய நாளிதழை எடுத்துப் பார்ப்பவருக்கோ இரண்டாயிரம் கூடியிருக்கும். இத்தகைய சிறு அசைவுகளில் ஏமாறாமல் இருக்கத்தான் அத்துறையே நான்கு வாரச் சராசரியையும் சேர்த்துத் தருகிறது. 2020 மார்ச் இறுதியில் ஒரே வாரத்தில் விண்ணப்பங்கள் 60 லட்சத்தைத் தாண்டியபோது சராசரி பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. சில ஆயிரம் ஏறி இறங்கும் வாரங்களில் அது கட்டாயம் தேவை.

நம் நாட்டு எண்களில் குழப்பம் இன்னும் அதிகம். 2017 முதல் நடைபெறும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023-24இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை விகிதம் ஓராண்டு நிலையை வைத்துப் பார்த்தால் 3.2 சதவீதம், கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாள் நிலையை வைத்துப் பார்த்தால் 4.9 சதவீதம். இரண்டும் ஒரே கணக்கெடுப்பில் கிடைத்தவை. 2025 முதல் வெளியாகும் மாத அறிக்கை ஏழு நாள் கணக்கைத் தருவது; 2025 ஏப்ரல் மாதத்துக்கு அது 5.1 சதவீதம் என வந்தது. இதைப் பழைய 3.2உடன் ஒப்பிட்டு 'வேலையின்மை எகிறியது' என்று எழுதினால் அது பிழையான செய்தி.

அந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் உள்ளவராகவே எண்ணப்படுகிறார். உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறைதான் இது என்பதால் அதன்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து விழுந்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை உச்சத்துக்குப் போகும் நாட்களில், முழக்கணக்கில் கூலி வாங்கும் பூக்கட்டும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு பொழுதுதான் வேலை கிடைத்தாலும் அவர் வேலையற்றோர் பட்டியலில் வரமாட்டார். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு: தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அரசுப் பணியை எதிர்பார்த்து மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்போர் பலர். அவர்கள் அனைவரையும் 'வேலையில்லாதோர்' என்றே நாம் அச்சிடுகிறோம்.

ஆகவே, இத்தகைய செய்திகளில் எண்ணோடு அதன் வரையறை, கால அளவு, முந்தைய எண் திருத்தப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் (ஓய்வு),
திருநகர், மதுரை.