தண்ணிக்குள் இருப்பவன் லைசனை எங்கே வைப்பான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வரும் ஒரு செய்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'அனுமதிப்பத்திரம் இன்றிச் சுழியோடி மீன்பிடியில் ஈடுபட்ட இத்தனை பேர் திருகோணமலைக் கடற்பரப்பில் கைது' என்று நாலு வரி இருக்கும். பக்கத்தில் ஒரு படம், அதில் சில பேர் தலையைக் குனிந்தபடி நிற்பார்கள், அவர்களுக்கு முன்னால் கண்ணாடி, கால் துடுப்பு, சிலிண்டர் எல்லாம் கடை விரித்தமாதிரிக் கிடக்கும். நான் சிங்கி இறாலுக்கு (லொப்ஸ்டர்) சுழியோடுகிறவன், யுத்தத்தில் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு கடலுக்குப் போன காலத்திலிருந்து இதுதான் தொழில். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும். இதில் லைசன் எடுக்காதவன் எத்தனை பேர், எடுத்து வீட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தவன் எத்தனை பேர்? செய்தியில் இரண்டு பேரும் ஒன்றுதான். நான் இரண்டாவது வகையில் மாட்டினவன், அதனால் சொல்கிறேன்.

போன வருடம் கச்சான் காலம், மேல்காற்று வீசி எங்கள் பக்கக் கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்கள். கடல் குளம் மாதிரிக் கிடந்த ஒரு காலையில் நானும் அக்காவின் மகனும் நிலாவெளிக்கு வடக்கே ஒரு கல்லுக்கு, அதாவது கடலடிப் பாறைக்குப் போனோம். புறாத்தீவுப் பக்கம் இல்லை, அது 2003 இல் தேசியப் பூங்கா ஆக்கிய இடம், அங்கே யாரும் கை வைக்கக் கூடாது, நாங்களும் வைப்பதில்லை. மருமகன் படகில், நான் தண்ணியில். எங்களிடம் சிலிண்டர் இல்லை, மூச்சை அடக்கி நாலைந்து பாகம் (ஒரு பாகம் ஆறடி) இறங்குவதுதான். கல் இடுக்கில் இரண்டு மீசை வெளியே ஆடிக்கொண்டிருக்கும், மீசையைப் பிடித்து இழுத்தால் மீசை மட்டும்தான் கையில் வரும், பின்னால் கையை விட்டு முதுகோட்டைச் சேர்த்து அமுக்க வேண்டும். அது முழுக்க முள்ளு, அதனால் கையுறை. இடுப்பில் ஒரு வலைப்பை, உடம்பில் ஒரு காற்சட்டை, முகத்தில் கண்ணாடி, வேறொன்றும் கிடையாது. பதினோராவதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து பார்த்தால் எங்கள் படகுக்குப் பக்கத்தில் இன்னொரு படகு நிற்கிறது. ரோந்து.

"லைசன் எங்கே அண்ணன்?" என்று ஒரு இளம் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். வீட்டில் இருக்கு தம்பி என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பதிலை அன்று காலையில் அவர் எத்தனையாவது தடவை கேட்டாரோ.

ஏன் வீட்டில் வைத்தேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தந்தது ஒரு தாள், கையெழுத்தும் முத்திரையும் வைத்த சாதாரணத் தாள். அதற்கு முந்தின வருடம் அதை ஷொப்பிங் பையில் சுற்றிப் படகின் முன்பக்கம், அணியத்தில் செருகி வைத்தேன். இரண்டே மாதத்தில் உப்புத் தண்ணி பட்டு, ஊறி, எழுத்தெல்லாம் கரைந்து, முத்திரை ஊதா நிறக் கறையாகி, கடைசியில் பிரித்து எடுக்கும்போது ஊறின அப்பளம் மாதிரி கையோடு வந்தது. பிரதி எடுக்க நான் அலைந்த அலைச்சலை இங்கே எழுதினால் உங்களுக்கு இன்னொரு பக்கம் தேவைப்படும். அதனால்தான் புதுசைப் பிள்ளைகளின் சான்றிதழ்களோடு பைலில் போட்டு அலுமாரியில் பூட்டினேன். சுனாமியில் ஒருமுறை எல்லாத் தாளும் போன வீடு எங்களுடையது. தாளைக் கண்டால் மேலே தூக்கி வைக்கிற பழக்கம் அதிலிருந்து வந்தது.

சரி, கரைக்குக் கூட்டிவந்தார்கள். மகனுக்குப் போன் போட்டு, அவன் ரியூசனிலிருந்து வந்து, அம்மாவிடம் திறப்பு வாங்கி, சைக்கிளில் கொண்டுவந்து காட்டி முடிய மூன்று மணித்தியாலம். பத்திரம் சரி, திகதி சரி, போகலாம் என்றார்கள். அடியும் இல்லை, வழக்கும் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஈரச் சாக்கில் வெயிலில் கிடந்த பதினொன்றில் ஏழு செத்துப்போச்சு. இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், சிங்கி இறாலை வெளிநாட்டுக்குப் பெரும்பாலும் உயிரோடுதான் அனுப்புவார்கள், உயிரோடு கால் ஆடினால் ஒரு விலை, ஆடாவிட்டால் வாங்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வது வேறு விலை. அன்று எண்ணெய்க் காசும் வரவில்லை. அந்த ஏழில் ஒன்றைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம், மனைவி நல்லாயிருக்கு என்றாள், எனக்கு இறங்கவில்லை.

பிழை என்னிலும் உண்டு, மறைக்கவில்லை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டம் சொல்வது தெளிவு: குறித்துரைத்த மீன்பிடித் தொழில் எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்யக் கூடாது. படகை நிறுத்தி ஏறிப் பார்த்துப் பத்திரத்தைக் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் நம்பரைக் காட்டி "இதுதானே லைசன்" என்கிறார்கள். அது இல்லை. திருகோணமலைப் படகென்று டீ.சீ.ஓ எழுத்தோடு இருக்கும் அந்த நம்பர் படகின் பதிவு, அவ்வளவுதான். படகை வைத்திருப்பது வேறு, அந்தப் படகில் போய் என்ன தொழில் செய்கிறாய் என்பது வேறு. இதைச் சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது ஒரு பெரியவர் கோபப்பட்டார். முகத்தைப் பார்த்தால் தெரியாதா நாங்கள் யாரென்று, கடலுக்குப் போகத் திரும்பவும் பேப்பர் தூக்கச் சொல்கிறாயா என்றார். அவருடைய கோபம் எனக்கு விளங்கும். யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் கரையில் வலை காயப் போடவே பயந்த ஊர் இது. தாளைக் காட்டு என்று யூனிபோர்ம் போட்டவர் கேட்டால் அந்த வயதுக்காரருக்கு இன்னும் நெஞ்சு ஒருமுறை அடிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பாஸும் இந்த லைசனும் ஒன்றில்லை ஐயா. பாஸ் எங்களைக் கட்டிவைக்க வந்தது. லைசன் இருந்தால்தான், இரவில் லைற் அடித்துக்கொண்டு சிலிண்டரோடு இறங்கி ஒரு கல்லையே துடைத்துக்கொண்டு போகிறவனை "நீ யார்" என்று நாங்கள் கேட்கலாம். எங்களிடமும் இல்லை, அவனிடமும் இல்லை என்றால் எந்த வாயால் கேட்பது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூடவே வைத்திரு என்றால், தண்ணிக்குள் இருப்பவன் எங்கே வைப்பான்?

என் மச்சான் ஒருவர் கலிபோர்னியாவில் இருக்கிறார். அங்கே விடுமுறை நாளில் சும்மா பொழுதுபோக்குக்காகச் சிங்கி இறாலுக்குச் சுழியோடுகிறார்கள், எங்களுடையது மாதிரியே கொடுக்கு இல்லாத முள்ளு இனம்தான். நடந்ததைச் சொன்னபோது மச்சான் போனில் சிரித்துவிட்டு, "இங்கயும் இந்தக் கேள்வி வந்ததுதான், அதுக்குச் சட்டத்திலேயே ஒரு வரி எழுதி வச்சிருக்கிறாங்கள்" என்றார். மீன்பிடிக்கிற எவரும் லைசனைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கும் பொது விதி. ஆனால் சுழியோடுகிறவனுக்கு மட்டும் விலக்கு உண்டு: படகிலிருந்து இறங்கினால் லைசன் படகில் இருந்தால் போதும், கரையிலிருந்து இறங்கினால் கரையில் 500 யார் (கெஜம்) தூரத்துக்குள் இருந்தால் போதும். 500 யார் என்றால் ஏறத்தாழ 457 மீற்றர். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு இறங்கலாம், மனைவியின் கைப்பையில் கொடுத்துவிட்டும் இறங்கலாம்.

அதோடு அங்கே விட்டுவிடவும் இல்லை. லைசன் தவிர, சிங்கி இறாலுக்கென்றே தனியாக ஒரு அட்டை, எங்கே பிடித்தாய், எத்தனை பிடித்தாய் என்று எழுதிப் பருவம் முடியத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு லைசன் தேவையில்லை, ஆனால் இந்த அட்டை அதற்கும் வேண்டும். சுழியோடுகிறவன் கையால் மட்டும்தான் பிடிக்கலாம், ஆளுக்கு ஏழு. கண்குழியின் பின் விளிம்பிலிருந்து முதுகோட்டின் பின் விளிம்புவரை மூன்றேகால் அங்குலம் இல்லாவிட்டால் திரும்ப விட வேண்டும், அதை அளக்க அளவுகோல் கையில் இருக்க வேண்டும். பாருங்கள், எதைத் தண்ணிக்குள் கொண்டுபோக முடியுமோ அதைக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், எதை முடியாதோ அதைக் கரையில் வைக்க விடுகிறார்கள். இந்தச் சட்டத்தை எழுதின மேசையில் ஒரு தடவையாவது தண்ணிக்குள் தலையை விட்டவன் ஒருத்தன் இருந்திருக்கிறான்.

அவர்களுடையது பொழுதுபோக்கு, எங்களுடையது சோறு, அப்படியே இங்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. ஏழு பிடித்துக்கொண்டு வந்தால் என் வீட்டில் அடுப்பு எரியாது. நான் கேட்பது சின்ன விஷயம். சுழியோடிக்கு லைசன் படகில் அல்லது இறங்கின கரையில் இருந்தால் போதும் என்று பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி, மூன்று மொழியிலும். அப்புறம் அந்தத் தாளைத் தாளாகத் தராமல் புது அடையாள அட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டையாகத் தாருங்கள், காசை நாங்களே தருகிறோம். வீட்டில் மறந்துவிட்டவனை மூன்று மணித்தியாலம் உட்காரவைக்காமல், அடையாள அட்டை நம்பரைச் சொன்னால் கடற்றொழில் பரிசோதகரின் அலுவலகத்தில் ஒரு போனில் பார்த்துச் சொல்ல ஒரு ஒழுங்கு செய்யுங்கள். இல்லாதவன் மாட்டட்டும், அவனுக்காக நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு சொல். சோதனைக்கு வருகிறவர் லைசனைப் பார்த்துவிட்டுச் சாக்கையும் அவிழ்த்துப் பார்ப்பார், அப்போது அடிவயிற்றில் செம்மஞ்சள் முட்டைக் கொத்தோடு ஒரு தாய் கிடந்தால் எந்த அட்டையும் காப்பாற்றாது. சினை பிடிப்பதற்கும் சின்னதைப் பிடிப்பதற்கும் இங்கே தடை எப்போதோ வந்துவிட்டது. ஒரு தாய் சுமப்பது இலட்சக் கணக்கில். வலைக்காரன் தெரியாமல் வந்து மாட்டினது என்று சொல்லலாம், எங்களால் சொல்ல முடியாது, நாங்கள் கண்ணால் பார்த்துக் கையால் பிடிக்கிறவர்கள், புரட்டிப் பார்க்க ஒரு மூச்சு கூடத் தேவையில்லை. இன்னொன்று, லைசனும் அடையாள அட்டையும் படகில் இருப்பது அதிகாரிக்காக மட்டும் இல்லை. சிலிண்டரில் ஆழத்துக்குப் போய் அவசரமாக மேலே வந்து கை கால் விழுந்தவர்களை இந்தக் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பேச்சில்லாமல் கிடக்கிறவனை ஆஸ்பத்திரியில் இறக்கும்போது பெயர் கேட்பார்கள். கூட வந்தவன் வெளியூர்க்காரன் என்றால் அவனுக்குப் பட்டப்பெயர்தான் தெரியும்.

நான் இப்போது லைசனை வாய் அகன்ற ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு, துவாயில் சுற்றி, நைலோன் கயிற்றால் படகின் குறுக்குப் பலகையில் கட்டி வைத்திருக்கிறேன். மருமகன் அதைப் பார்த்து மாமா வங்கி திறந்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். போன மாதம் திரும்பவும் ஒரு சோதனை வந்தது. நான் பெருமையாகப் போத்தலை எடுத்தேன். உப்புப் பிடித்து மூடி இறுகிவிட்டது. நான் திருகினேன், மருமகன் திருகினான், கடைசியில் அந்த அதிகாரியும் வாங்கித் தன் தொப்பியால் பிடித்துத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணாடிக்கு வெளியில் இருந்தே திகதியை வாசித்துவிட்டு, "சரி அண்ணன், போங்க" என்றார். அன்று பிடித்தது ஒன்பது, ஒன்பதும் உயிரோடு கரைக்கு வந்தது.

இப்படிக்கு,
ஒரு சுழியோடி,
திருகோணமலை