தகரக் கொட்டகையில் விறகுக் கணப்பைத் தவறாகப் பொருத்தியது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பாதுகாப்பற்ற முறையில் பொருத்தப்பட்ட கணப்பை அகற்றி, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

எங்கள் கார் கொட்டகையில் உங்கள் பணியாளர்கள் பொருத்திய விறகுக் கணப்பை நாங்கள் இப்போது மூட்டுவதில்லை. மூட்டினால் கொட்டகை தீப்பிடிக்கும் என்று அஞ்சுகிறோம். தொலைபேசியில் சொன்னபோது "புதிதில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

சுவருக்கு இவ்வளவு நெருக்கமாக வைக்கிறீர்களே என்று வேலை நடந்தபோதே கேட்டேன். "தகரம் எரியாது" என்றார் மேற்பார்வையாளர். தகரம் எரியாதுதான். ஆனால் எங்கள் சுவரும் கூரையும் வெறும் தகரம் அல்ல, இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பலகைகள். தகடு சூட்டைத் தடுக்காது, அப்படியே உள்ளே கடத்திவிடும். நுரை உருகும், புகையும், பற்றிக்கொண்டால் வெளியே தெரியாமல் பலகைக்குள்ளேயே தீ பரவும். கூரையில் துளை போட்டவர் தம் கையாலேயே அந்த நுரையை அறுத்தெடுத்தார். துண்டுகள் தரையெல்லாம் கிடந்தன. அதைப் பார்த்த பிறகும் வேலையை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அந்தத் துளை வழியாக ஒற்றைத் தகட்டுக் குழாயையே நேராக மேலே ஏற்றியிருக்கிறார்கள். எரியக்கூடிய பொருளிலிருந்து அத்தகைய குழாய் 18 அங்குலம் விலகியிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்த விதி. கூரையைக் கடக்கும் இடத்தில் வெப்பத்தடுப்பு அடைத்த இரட்டைச் சுவர்ப் புகைபோக்கியைப் போட்டு, அதற்கும் பொதுவாக 2 அங்குல இடைவெளி விடுவார்கள். இங்கே விரல் நுழையவும் இடமில்லை. ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயைச் சுற்றிலும் நுரையின் விளிம்பு பழுப்பேறி, உள்வாங்கிச் சுருங்கியிருக்கிறது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. படங்களை இணைத்திருக்கிறேன்.

கூரைக்கு மேல் மழைநீர் இறங்காமலிருக்கப் போட்ட வளையம், கழிவுநீர்க் காற்றுக் குழாய்களுக்குப் போடும் சாதாரணக் கறுப்பு ரப்பர். சூடு தாங்கும் சிலிக்கான் வளையம் இதற்கென்றே கிடைக்கிறது. போட்ட ரப்பர் இப்போதே வெடித்து, மழை பெய்தால் கணப்பின் தலையில் சொட்டுகிறது.

மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறது, அது வேறு. குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது நெளிவிட்டுச் சுருக்கிய முனை கீழ்நோக்கி, கணப்பின் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் புகை குளிர்ந்து படியும் தார் குழாய்க்குள்ளேயே வழிந்து நெருப்புக்குத் திரும்பும். உங்கள் ஆட்கள் எல்லா இணைப்பையும் தலைகீழாகப் போட்டிருப்பதால், தார் ஒவ்வொரு மூட்டிலும் வெளியே கசிந்து கறுப்புக் கோடுகளாக இறங்குகிறது. புகைபோக்கி கூரையின் முகட்டை விடவும் தாழ்வாக முடிகிறது. கூரையிலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டிய குழாய் அது. காற்றடித்தால் புகை உள்ளேயே திரும்புகிறது. அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

கடைசியாக ஒன்று. இது கார் நிற்கும் இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து வரும். கணப்பு வைத்திருப்பதும் தரையில்தான். வாகனம் நிறுத்தும் இடத்தில் பொருத்தக் கூடாது என்று கணப்போடு வந்த கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அளவெடுக்க வந்தவர் எங்கள் காரைச் சுற்றி நடந்துதான் அளந்தார். பணம் வாங்குவதற்கு முன்பே "இங்கே வைக்க முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டியது அவர் கடமை.

ஆகவே வளையத்தை மட்டும் மாற்றித் தருகிறோம் என்ற உங்கள் யோசனையை ஏற்க மாட்டேன். கணப்பையும் குழாய்களையும் உங்கள் செலவில் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். துளையிட்ட கூரைப் பலகையைப் புதிதாக மாற்றுங்கள். கணப்பின் விலையையும் பொருத்துக் கூலியையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். இதே குழு வேறு நுரைப்பலகைக் கட்டடங்களில் கணப்பு பொருத்தியிருந்தால், அந்த வாடிக்கையாளர்களுக்கு உடனே தகவல் சொல்லி மூட்ட வேண்டாம் எனத் தடுக்குமாறும் வற்புறுத்திக் கேட்கிறேன். அங்கே யாராவது இன்றும் மூட்டிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், இக்கடிதத்தையும் படங்களையும் தீயணைப்புத் துறையிடமும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: படங்கள், ரசீது நகல், கையேட்டின் உரிய பக்கம்.